இடது கன்னமும் என்னுடையதுதான்

மார்ச் 2

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. வரி நேராகத்தான் கிளம்புகிறது. பாதி தூரம் போனதும், குடித்தவன் வீடு திரும்புகிற மாதிரி ஒரு பக்கமாகச் சரிகிறது. இடது கை காகிதத்தை அழுத்திப் பிடிக்க மாட்டேன் என்கிறது. அதனால் கையால் அமுக்கி முடி வெட்டும் பழைய மெஷினைத் தேடி எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்திருக்கிறேன். மூலையில் தெரியும் எண்ணெய்க் கறை அதனுடையது. சில எழுத்து பெருத்திருக்கும், சில எழுத்து மெலிந்திருக்கும். எல்லாம் என் பிள்ளைகள்தான். பாகுபாடு பார்க்காமல் படி.

பக்கவாதம் வந்து, முடி வெட்டும் கடையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதானே எழுதப் படிக்க டீச்சரம்மாவின் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இது நான் எழுதும் முதல் கடிதம். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, முதல் கடிதமே சண்டைக் கடிதமா?” என்கிறாள். “கொஞ்சறதுக்குப் போன் போதும். சண்டைக்குத்தான் எழுத்து வேணும்” என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய உறை வந்தது. உள்ளே என் படம் ஒன்று, பெரிதாக. கூடவே, படத்தைக் கண்காட்சியில் வைக்க எனக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள். முன்பெல்லாம் யார் எந்தத் தாளை நீட்டினாலும் கட்டை விரலை நீட்டிவிடுவேன். இப்போது அப்படி இல்லை. காலைச் சாப்பாடு முடிந்து அந்தத் தாளோடு உட்கார்ந்தவன், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். ஒரு எழுத்து விடவில்லை.

படத்துக்குக் கீழே நீ வைத்திருக்கும் பெயரையும் படித்தேன். “அ... ணை... யும்... விளக்கு.” உன் அம்மா சமையல் அறையிலிருந்து, “எந்த விளக்கு? நான் அணைச்சுட்டேனே!” என்று குரல் கொடுத்தாள்.

பாப்பா, நான் எப்போது அணைந்தேன்?

படத்தைப் பார்த்தேன். வலது கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. அது போகட்டும், சுருக்கம் என்னுடையதுதான். ஆனால் இடது பக்கம் எங்கே? கண் இல்லை, கன்னம் இல்லை, காது இல்லை. ஒரே இருட்டு. என் தொழிலில் அரை முகத்துக்குச் சவரம் செய்து யாரையும் எழுப்பி அனுப்பியதில்லை. நீ உன் அப்பாவை அப்படி அனுப்பியிருக்கிறாய், அதுவும் சுவரில் மாட்டுவதற்கு.

கையெழுத்துப் போட மாட்டேன். போடத் தெரியாமல் இல்லை. இந்தக் கடிதத்தின் கீழே போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். போடத் தெரிந்த பிறகு போடாமல் இருப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. இத்தனை வயதுக்கு அப்புறம் அது எனக்குக் கிடைத்திருக்கிறது.

போனில் கூப்பிடாதே. எடுக்க மாட்டேன். சொல்வதை எழுதி அனுப்பு. பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா


மார்ச் 7

அப்பா,

மூன்று தடவை கூப்பிட்டேன். “உங்க அப்பா போன் கிட்ட வரமாட்டேங்கிறார், கண்ணு. கடிதம் எழுதணுமாம். மகாராஜா ஆயிட்டார்” என்கிறாள் அம்மா. சரி, எழுதுகிறேன். பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். அதைத் தவிர வேறு எதிலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

உங்களுக்கு எழுத வந்துவிட்டது என்று இங்கே தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். முதல் எழுத்தே எனக்கு எதிராகவா?

இத்தனை காலம் நான் எடுத்ததெல்லாம் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவு. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடித்து, “அடுத்தவங்க வாங்க” என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போய்விட்டது. இப்போதுதான் ஒரு கண்காட்சியில் எனக்கென்று இடம் தருகிறார்கள். அதுவும் உள்ளே நுழைந்ததும் தெரியும் பெரிய சுவர். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அழைப்பிதழிலும் அதைத்தான் போடப் போகிறார்கள்.

நீங்கள் இருட்டு என்று சொல்வது இருட்டு இல்லை அப்பா, நிழல். ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்து, மறுபக்கம் விழாமல் போனால்தான் முகத்துக்கு ஆழம் வரும். கல்லில் செதுக்கின மாதிரி இருக்கும். நேராக ஃப்ளாஷ் அடித்தால் எல்லாம் தெரியும், ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் படம் மாதிரி இருக்கும். வெளிச்சம் எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது என்று முடிவு செய்வதுதான் என் தொழில். உங்களிடம் முடி வெட்ட வந்தவர்கள் யாராவது உங்கள் கையிலிருந்த கத்தரியைப் பிடுங்கினார்களா?

“அணையும் விளக்கு” என்பது வெறும் பெயர். உங்களைச் சொல்லவில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மாத முடிவுக்குள் தாள் போய்ச் சேராவிட்டால் சுவரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

பாப்பா


மார்ச் 13

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். அதன் அட்டையில் இருப்பதையும் படித்தேன். “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.” உனக்கு எட்டாத இடத்தில் நான் இருக்கிறேன், அதனால் பயமில்லை.

கத்தரியை யாரும் பிடுங்கவில்லைதான். ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய். சின்ன வயதில் கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் பார்த்ததுதான். வெட்டி முடித்ததும் நான் என்ன செய்வேன்? கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னந்தலைக்குப் பிடிப்பேன். முன்னால் இருக்கும் கண்ணாடியில் அவர் தன் பிடரியைப் பார்ப்பார். “சரியா?” என்று கேட்பேன். அவர் தலையாட்டின பிறகுதான் கழுத்தில் கட்டின வெள்ளைத் துணியை அவிழ்ப்பேன். அவசரமாகப் போக வேண்டும் என்று குதிப்பவரைக்கூட காட்டாமல் விட்டதில்லை. ஏன்? தன் பிடரியைத் தானே பார்க்க முடியாத ஒருவனுக்குப் பின்னால் நின்று நாம் வேலை செய்கிறோம். காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

நீ எனக்குக் கண்ணாடி காட்டினாயா, பாப்பா? நேராகச் சுவருக்கு அனுப்பினாய்.

இன்னொன்று. நிழல் தானாக விழுந்த மாதிரி எழுதியிருக்கிறாய். நான் அன்றைக்கு அந்த நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன்? ஜன்னல் எனக்கு வலது பக்கம். இடது பக்கம் நம் வீட்டு வெள்ளைச் சுவர். நீ பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து அந்தச் சுவரில் கட்டினாய். “எதுக்கும்மா?” என்றேன். “பின்னாடி சாமான் தெரியுது” என்றாய். சாமான் பின்னால் இருந்தது. துணி பக்கத்தில் இருந்தது. மகள் ஏதோ வேலை செய்கிறாள் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். சிரிக்க வந்தபோதும், “சிரிக்காதீங்கப்பா” என்றாய். அடக்கிக்கொண்டேன். நீ கேமராவை உறையில் போட்ட பிறகு சிரித்தேன்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். வாதம் வந்து கோணிப்போன வாயையும் தொங்கிப்போன கன்னத்தையும் மறைக்கத்தானே அந்தத் துணி?

அந்தக் கோணல் வாய் சும்மா வாய் இல்லை. எனக்குப் பேச்சு திரும்பி வந்தது அந்த வழியாகத்தான். வகுப்பில் “அ, ஆ” சொன்னதும் அதே வாய்தான். பக்கத்தில் உட்கார்ந்தவர் மேல் எச்சில் தெறித்தது, அவரும் துடைத்துக்கொண்டே “இ, ஈ” சொன்னார். அதை மட்டும் இருட்டில் தள்ளிவிட்டு, ஒன்றும் ஆகாத வலது கன்னத்துக்கு வெளிச்சம் கொடுத்திருக்கிறாய். வலது கன்னம் என்ன செய்தது? சும்மா இருந்தது.

என் படத்தை நானே எடுத்து அனுப்புகிறேன். கடையை இப்போது நடத்துவது நம் பவுடர்தான். யார் உட்கார்ந்தாலும் முகத்தில் மாவு பூசின மாதிரி பவுடர் அடிப்பானே, அவனேதான். அவனிடம் நல்ல போன் இருக்கிறது.

கடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கண்ணாடிக்கு மேலே ஒரு பலகை இருக்கிறதே, கடை திறந்த நாளில் யாரோ எழுதிக் கொடுத்தது. போன வாரம்தான் அதைப் படித்தேன். “இங்கு அரசியல் பேசக் கூடாது” என்று இருக்கிறது! அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு நான் எத்தனை ஆட்சியைக் கவிழ்த்திருப்பேன்! படிக்கத் தெரிந்த ஒருத்தனாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? எல்லோரும் என்னோடு சேர்ந்து பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா


மார்ச் 18

அப்பா,

நேராகப் பதில் கேட்டீர்கள். ஆமாம், மறைத்தேன். தெரிந்தேதான் மறைத்தேன். வெள்ளைச் சுவர் அப்படியே இருந்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து உங்கள் இடது கன்னத்தைக் காட்டிவிடும். கறுப்புத் துணி வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதற்காகத்தான் கட்டினேன். இன்னொரு முறை எடுத்தாலும் கட்டுவேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் உங்களைக் கைபிடித்துக் கடைக்குக் கூட்டிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? உங்களிடமே முடி வெட்டிக்கொண்டு கிழவரான ஒருவர் உள்ளே இருந்தார், அந்தத் தபால்காரர். உங்கள் முகத்தைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, “அப்பா நல்லா சாப்பிடறாராம்மா?” என்று கேட்டார். நீங்கள் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். உங்களிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கிறார். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

அன்றைக்கு முடிவு செய்தேன். யாரும் உங்களைப் பார்த்து “ஐயோ பாவம்” என்று உச்சுக்கொட்ட நான் இடம் கொடுக்க மாட்டேன். நான் வெட்கப்பட்டேன் என்று நினைக்கிறீர்கள். வெட்கம் இல்லை, கோபம். உங்கள் மேல் இல்லை. பார்க்கிறவர்கள் மேல். அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றால், தகுதியில்லாதவர்களுக்கு நான் ஏன் காட்ட வேண்டும்?

பெயர் விஷயத்தில் மட்டும் யோசித்தேன். அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை, கண்காட்சி நடத்துபவர். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதிப் பார்க்கும்போது அது எனக்கே பிடிக்கவில்லை.

நீங்களே படம் எடுக்கப் போகிறீர்களா? எடுங்கள், பார்ப்போம். வெளிச்சம் என்ன சோப்பு நுரையா, தடவினால் பரவுவதற்கு? பவுடர் அண்ணனிடம் சொல்லுங்கள், உங்களை அசையாமல் உட்கார வைப்பதற்கே பத்து பேர் வேண்டும்.

பாப்பா


மார்ச் 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னது உண்மை. வெளிச்சம் லேசுப்பட்ட ஆள் இல்லை. இந்த ஒரு வாரம் என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. நான் இவ்வளவு சிரித்து ரொம்ப நாளாகிறது.

முதலில் உச்சி வெயிலில் தெருவில் நின்றேன். வெளிச்சம்தானே வேண்டும், சூரியனை விடப் பெரிய விளக்கு எது என்று நினைத்தேன். படத்தைப் பார்த்தால் கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து மீசை மாதிரி நிற்கிறது. ஊருக்கெல்லாம் மீசை திருத்தினேன், எனக்கு வைத்துக்கொண்டதில்லை. சூரியன் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

அடுத்து கடைக்குள்ளே, ஃப்ளாஷ் போட்டு. பவுடர் என் பின்னால் வந்து நின்று, என் கன்னத்தோடு கன்னமாகப் போனை நீட்டி, கண்ணாடியில் தெரிகிற என் முகத்தைப் பார்த்து அடித்தான். நேரே வந்து எடுக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எங்கள் தொழிலில் யாருடைய முகத்தையும் கண்ணாடியில் பார்த்துத்தானே பழக்கம்! ஃப்ளாஷ் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்துவிட்டது. படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. “அண்ணே, நான் பூசினாக்கூட இவ்வளவு வெள்ளை வராது” என்றான்.

அப்புறம் வீட்டில், உன் அம்மா டார்ச்சைக் கீழே இருந்து பிடித்தாள். எடுத்த படத்தைப் பார்த்து அவளே ஒரு அடி பின்னால் போனாள். “என்னங்க, இதை வாசல்ல மாட்டினா பூட்டே வேண்டாம்.”

நேற்றுக் காலை நடந்ததுதான் விஷயம். தோற்றுப்போய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். பவுடர், “முடி வளர்ந்து கிடக்கு, அதையாவது வெட்டறேன், உட்காருங்க” என்று நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டினான். வாசல் எனக்கு இடது பக்கம். காலை வெயில் சாய்வாக உள்ளே வந்து என் மடியில் விழுந்து கிடந்தது. டீ கொண்டுவந்த உன் அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். “கழுத்து வரைக்கும் மூடி வெச்சா இந்த மனுஷன்கூட நல்லவராத்தான் தெரியறார்” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்த நொடியில் பவுடர் போனில் படம் பிடித்துவிட்டான்.

அந்தப் படத்தைக் கடைத்தெருவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு இதோடு அனுப்புகிறேன். ஒரு மூலையில் பவுடரின் கட்டை விரல் இருக்கிறது, அதைப் பொறுத்துக்கொள். நான் கைநாட்டை விட்டேன், அவன் பிடித்துக்கொண்டான். என் வாய் இடது பக்கம் இறங்கித்தான் இருக்கிறது. சிரித்ததில் வலது கண் மூடிவிட்டது, இடது கண் பாதிதான் மூடியிருக்கிறது. ஆனால் முழு ஆளும் இருக்கிறேன்.

தபால்காரர் தரையைப் பார்த்ததை நீ மட்டும்தான் பார்த்தாய் என்று நினைத்தாயா? எனக்குக் கன்னம்தான் தொங்கியது, கண் இல்லை. மறுநாள் நீ ஊருக்குப் போன பிறகு தனியாகக் கடைக்குப் போனேன். அவர் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அரசியலை ஆரம்பித்தேன். அவருடைய கட்சியை வேண்டுமென்றே திட்டினேன். வாய் குழறியது, விடவில்லை. கொஞ்ச நேரம் தரையோடு பேசிப் பார்த்தார். எதிர்த்துப் பேச வேண்டும் என்றால் முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? கடைசியில் எழுந்து நின்று, என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, “உனக்கு வாதம் வாய்க்கு வந்திருக்கக் கூடாதுய்யா, நாக்குக்கு வந்திருக்கணும்!” என்று கத்தினார். எனக்கு அன்றைக்குத்தான் பாதி உடம்பு சரியாயிற்று. இப்போதும் தினமும் வருகிறார், தினமும் சண்டை போடுகிறோம்.

உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு மருந்து இருட்டு இல்லை, பாப்பா. பழக்கம்தான். பார்க்கப் பார்க்கத்தான் பழகும். நீ மறைத்தால் எப்படிப் பழகுவார்கள்?

தாளில் கையெழுத்து இன்னும் போடவில்லை. போட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா


மார்ச் 28

அப்பா,

தபால்காரர் விஷயத்தை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. படித்துவிட்டு ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர் பயந்துபோய்ப் பார்த்தார். இவ்வளவு நாளும் நான் அந்த மனிதர் மேல் தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் எப்போதோ சண்டை போட்டுத் தீர்த்துவிட்டீர்கள்.

படம் வந்தது. பவுடர் அண்ணனின் விரலும் வந்தது. படம் ஆடியிருக்கிறது, சாய்ந்திருக்கிறது, உங்கள் தலைக்கு மேலே தூக்கில் தொங்குகிற மாதிரி ஒரு துண்டு தொங்குகிறது. குறை சொல்வதற்காக எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போட்டோவாகப் பார்த்தால் என்னுடையதுதான் நல்ல போட்டோ, அதில் மாற்றம் இல்லை. ஆனால் அப்பாவாகப் பார்த்தால் இதுதான் அப்பா.

அந்த வெளிச்சம் எப்படி வந்தது தெரியுமா? வெயில் உங்கள் முகத்தில் விழவில்லை. மடியில் இருந்த வெள்ளைத் துணியில் விழுந்திருக்கிறது. துணி அதை மெதுவாக்கி மேலே அனுப்பியிருக்கிறது. தாடைக்குக் கீழே, கண்ணுக்குக் கீழே, கன்னத்து மடிப்பில் எங்கேயும் இருட்டு தங்கவில்லை. நாங்கள் ரிஃப்ளெக்டர் என்று ஒரு வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு அலைகிறோமே, அது செய்யும் வேலை இதுதான். உங்கள் நாற்காலியிலிருந்து எழுந்தவர்கள் எல்லாம் வயது குறைந்துவிட்ட மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு போவார்களே, அதில் பாதி உங்கள் கத்தரி. பாதி அந்தத் துணி. அந்த பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்த எனக்கே இப்போதுதான் புரிகிறது.

வேறு படம் தருகிறேன், மாதம் முடிந்து ஒரு வாரம் பொறுங்கள் என்று இங்கே கேட்டிருக்கிறேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் சரி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கேமராவோடு. பவுடர் அண்ணனிடம் அந்தத் துணியைத் துவைத்து வைக்கச் சொல்லுங்கள். நீலம் போட வேண்டாம், போட்டால் உங்கள் முகமும் நீலமாகிவிடும். அம்மாவிடம் ஏதாவது புதிதாகத் திட்டு தயார் செய்து வைக்கச் சொல்லுங்கள். பழைய திட்டுக்கு நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

கறுப்புத் துணியைக் கொண்டுவர மாட்டேன்.

பாப்பா


ஏப்ரல் 9

அப்பா,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய சுவர் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கடையில் எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கண்காட்சி நடத்துபவர் தள்ளி நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். “பழைய படத்துல ஒரு உருக்கம் இருந்துச்சு. இதுல அவர் பாட்டுக்குச் சிரிச்சுட்டு இருக்காரே” என்றார். “அவர் அப்படித்தான் இருப்பார்” என்றேன். “இல்லம்மா, பார்க்கிறவங்களுக்கு மனசு கலங்கணும்” என்றார். எனக்கு எங்கிருந்தோ உங்கள் குரல் வந்துவிட்டது. “எங்கப்பா முகம் வெங்காயம் இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன்.

பழைய படம் என்றால் பெரிய சுவர், புதுப் படம் என்றால் நடை வழி. அதுவும் கழிப்பறைக்குப் போகும் வழியில், குழாய்க்கு எதிரே. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்காமலே சொல்லிவிட்டேன். பெரிய சுவரில் இப்போது வேறு ஒருவரின் மலைப் படம் மாட்டியிருக்கிறது. நல்ல படம்தான். மலைக்குக் கையெழுத்துப் போட வராது, அவருக்கு வசதி.

வெளியே வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், வந்த பஸ்ஸில் ஏறவில்லை. பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்பி உள்ளே போய் ஓர் ஏணி கேட்டேன். அந்த நடை வழியில் இருந்தது ஒரே ஒரு ட்யூப் லைட், பச்சையாக, நடுங்கிக்கொண்டு. அதற்குக் கீழே யார் நின்றாலும் நோயாளிதான். அதைக் கழற்றிவிட்டு நல்லதாக இரண்டு மாட்டி, இரண்டையும் மேல் பக்கம் திருப்பிவிட்டேன். வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு மெதுவாக இறங்குகிறது. உங்கள் துணி செய்யும் அதே வேலையை அங்கே கூரை செய்கிறது. இரண்டு கன்னமும் தெரிகிறது அப்பா.

அன்றைக்குக் கடையில் கேமராவைத் திருப்பி உங்களுக்குக் காட்டி “சரியா?” என்று கேட்டேனே. நீங்கள் வேண்டுமென்றே கண்ணை இடுக்கி, கிட்ட வைத்து, தள்ளி வைத்து, பவுடர் அண்ணனிடம் கருத்துக் கேட்டு, அம்மாவிடம் கருத்துக் கேட்டு, டீ குடித்துவிட்டு, அப்புறம் தலையாட்டினீர்கள். அதுவரைக்கும் நான் துணியை அவிழ்க்கவில்லை. இத்தனை முகங்களை எடுத்திருக்கிறேன், ஒருவரிடமும் அப்படிக் கேட்டதில்லை. இப்போது பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவரிடமும் கேட்கிறேன். வேலை தாமதமாகிறது. ஆகட்டும்.

புதுத் தாள் இதோடு இருக்கிறது. படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் கையெழுத்திலேயே. சரிந்தாலும் பரவாயில்லை. அப்படியே பெரிதாக்கிப் படத்துக்குக் கீழே ஒட்டப் போகிறேன். யாரையும் திருத்த விட மாட்டேன்.

பாப்பா


ஏப்ரல் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை எனக்காக, இரண்டாவது தடவை உன் அம்மாவுக்குச் சத்தமாக. வெங்காயம் வந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். “யார் வளர்ப்பு?” என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “என் வளர்ப்பு” என்றோம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

பெரிய சுவர் போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். எழுத்துக்கு வந்த புதிதிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் நீ உட்கார்ந்திருந்ததை எழுதிய வரியில் என் விரல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. நான் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் உனக்குச் சுவர் கிடைத்திருக்கும். ஆனால் அதில் நான் பாதி ஆளாகத் தொங்கியிருப்பேன். நீ யோசிக்காமலே பதில் சொன்னாய் பார், அந்த வரியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். பெரிய சுவர் பக்கம் திரும்பாமல்கூட ஒருத்தன் போய்விடலாம். கழிப்பறைக்குப் போகாமல் இருக்க முடியுமா? மந்திரியே வந்தாலும் என் முன்னால் ஒரு தடவை நடந்துதான் ஆக வேண்டும். போகும்போது அவசரத்தில் பார்க்க மாட்டார்கள். திரும்பி வரும்போது நிம்மதியாகப் பார்ப்பார்கள். கை கழுவிவிட்டுத் திரும்பினால் எதிரே நான். நல்ல இடம்தான் வாங்கியிருக்கிறாய். பவுடரிடம் சொன்னேன். அவன் கடையில் வருகிற எல்லோரிடமும் சொல்கிறான். தபால்காரர், “உன் மூஞ்சியைப் பார்க்க நான் காசு செலவு பண்ணி வரணுமா? தினமும் இங்கே சும்மாவே பார்க்கிறேன்” என்கிறார். ஆனால் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

துணிக்குப் பாதி, கத்தரிக்குப் பாதி என்று எழுதியிருந்தாயே, அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. துணிக்குக் கால் பங்கு கொடுக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

தாளை முழுக்கப் படித்தேன். இந்தத் தடவை மதியம் வரை ஆகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெயரையும் எழுதியிருக்கிறேன். மெஷினை ஒரு பக்கம் வைத்து, காகிதத்தின் மறுபக்கத்தை இடது கையால் நானே அழுத்திப் பிடித்தேன். கொஞ்சம் நழுவியது, ஆனால் பிடித்தது. அதனால் கடைசி வார்த்தை மட்டும் கீழே இறங்கியிருக்கும், என் வாய் மாதிரி. அப்படியே ஒட்டு. நான் எழுதியது இதுதான்:

“இது என் முகம். முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

பெயர் நீளமாகிவிட்டது என்று அவர் சொன்னால், முகமும் நீளம்தான் என்று சொல்.

கடைசியாக ஒன்று. நேற்று உன் அம்மா பீரோவைத் திறந்து பழைய படங்களை எல்லாம் கொட்டினாள். உன் சித்தப்பா கல்யாணம், பக்கத்து வீட்டுக் குழந்தை, பவுடரின் முதல் தொப்பை, எல்லோரும் இருக்கிறார்கள். நீ இல்லை. எல்லாவற்றிலும் நீ கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாய். ஒரே ஒரு படத்தில் கீழே உன் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது. எங்களையெல்லாம் வெளிச்சத்தில் உட்கார வைத்துவிட்டு நீ எங்கே ஒளிந்துகொண்டாய்?

அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன், காகிதம் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் உன் படம் ஒன்று இங்கே வந்து சேர வேண்டும். வெயிலோ ஃப்ளாஷோ ட்யூப் லைட்டோ, வெளிச்சம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், அது உன் தொழில், நான் தலையிட மாட்டேன். ஆனால் இரண்டு கன்னமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த வாரக் கடிதமும் சண்டைக் கடிதம்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா